இழைக்காத பக்கம்

அறுபது வார்த்தைக்குள் முடிக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் எனக்கு இருக்கிற ஒரே சட்டம் அதுதான். ராஜா பிடித்த வாளாக இருந்தாலும் சரி, பிச்சைக்காரன் ஏந்திய தட்டாக இருந்தாலும் சரி, பக்கத்தில் மாட்டுகிற அட்டையில் ஒரு வார்த்தை கூடினால் மேடம் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். அட்டையை எழுதுகிறவர் மேடம். அச்செடுத்து, வெட்டி, பலகையில் ஒட்டி, ஊசி குத்தி மாட்டுகிறவன் நான். பதினாறு வருஷமாக அடுத்தவர் எழுதியதை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அதனாலேயே ஒரு வாக்கியம் எங்கே நழுவுகிறது என்று எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

நழுவுவதற்கென்றே எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது: 'பட்ட'. 'பிரித்து நிறுத்தப்பட்டனர்.' 'அனுமதி மறுக்கப்பட்டது.' யாரய்யா பிரித்தது, யார் மறுத்தது என்று கேட்டுப் பாருங்கள், வாக்கியம் வாயைப் பொத்திக்கொள்ளும். மேடத்தைக் குறை சொல்லவில்லை. நல்ல மனுஷி, ராத்திரி பகல் பார்க்காமல் படிக்கிறவர். ஆனால் அவருக்கு மேலே குழு என்று ஒன்று இருக்கிறது. பழைய குடும்பத்துப் பெரிய மனிதர்கள் ஏழு பேர். அவர்கள் கண்ணை உறுத்தாமல் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் 'பட்ட' போட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த வருஷம் புதிதாக ஓர் அறை திறப்பதாக இருந்தது. எங்கள் ஊர் ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறது. இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒரே சாமி, ஒரே புத்தகம், ஒரே பாட்டு. ஆனால் வழிபாட்டுக் கூடத்தில் முன்பாதி இக்கரைக்காரர்களுக்கு, பின்பாதி அக்கரைக்காரர்களுக்கு. நாங்கள் பாய் விரித்து உட்காருவோம், அவர்கள் நிற்பார்கள். நிறம் கொஞ்சம் கூடுதல் கறுப்பு என்பார்கள், வந்த வழி வேறு என்பார்கள், கேட்டால் ஆளுக்கொரு காரணம். நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு மரத் தடுப்பு. நான் இக்கரைக்காரன், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் கடைசி வரிசையில் அந்தத் தடுப்பில் முதுகைச் சாய்த்து நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

தடுப்பை எடுத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. கூடத்துக் கிடங்கில் கிடந்ததைத்தான் மேடம் கேட்டு வாங்கினார். புது அறையில் அதுதான் பிரதானம். அதற்கு அவர் எழுதிய அட்டையின் கடைசி வரி, 'செய்தவர்: தெரியவில்லை.'

அந்த அறைக்குக் காவலாகப் போடப்பட்டவர் தொடாதீங்க அக்கா. பார்த்தீர்களா, எனக்கும் 'பட்ட' வந்துவிட்டது. மேடம்தான் போட்டார். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் கை வைக்கிறவர்களிடம் "தொடாதீங்க" என்று சொல்கிற வேலை. அதுவே பெயராகிவிட்டது. ஐம்பத்தொரு வயது, அக்கரைக்காரர். அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். அவர் கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர், வாய் சும்மா இருக்காது. "அங்க நம்மளத் தொடாதேன்னாங்க. இங்க சம்பளம் குடுத்து, அவங்களத் தொடாதேன்னு சொல்லச் சொல்றாங்க. காலம் மாறிடுச்சுய்யா" என்று பஸ் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். கீழே அவர்களோடு அக்காவின் அப்பாவும் இருந்தார். எண்பத்தொரு வயது, தச்சர். தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியவர்.

ஆறு நாளாக விடாத மழை. தார்ப்பாயில் சுற்றி, துண்டு துண்டாக வந்தது தடுப்பு. ஈரத்தில் மரம் ஊதிப்போய், சட்டங்களைத் தரையில் பரப்பி விசிறி போட்டு உலர்த்திக்கொண்டிருந்தோம். நான் அட்டையின் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அடிச்சட்டத்துக்குப் பக்கத்தில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"என்னக்கா, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"தம்பி, இங்க வா. இந்த முளையப் பாரு."

ஆணி இல்லாத வேலை அது. மூலைக்கு மூலை மர முளை அடித்து இறுக்கியிருந்தது. எல்லா முளையும் வெளிர் நிறம். இடது கீழ் மூலையில் ஒன்று மட்டும் கருமரம்.

"எங்க வீட்டு வாசக்கதவுல இருக்குல்ல, இதே மாதிரி? கட்டில்ல இருக்கு. அம்மா பெட்டியில இருக்கு. அப்பா எது செஞ்சாலும் இடது கீழ ஒண்ணு கறுப்பா அடிப்பாரு. கையெழுத்து போடத் தெரியாதவனுக்கு இதான் கையெழுத்துன்னு சொல்லுவாரு."

அவர் குரலில் முதலில் இருந்தது சந்தோஷம்தான். அதை நான் மறைக்க மாட்டேன். மேடம் உள்ளே வந்ததும், "மேடம், தெரியலைன்னு போடாதீங்க. தெரியும். எங்கப்பா செஞ்சது இது" என்று சொல்லியே விட்டார். மேடம் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அது எந்தத் தடுப்பு என்பது அக்காவுக்கு அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். அதுவரை பார்த்துவந்த அறைக்கே போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் அன்றைக்கு ஒருவரிடமும் தொடாதீங்க என்று சொல்லவில்லை.

பெரியவர் அந்தக் காலத்தில் இக்கரையில் ஒரு பெரிய பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறையிலிருந்து போகிற சாமானை யார் கை செய்தது என்று வெளியில் யாருக்கும் தெரியாது. நாற்பத்தேழு வருஷம் அவர் சொல்லவும் இல்லை.

தெருவில் சேதி பரவ ஒரு நாள் போதுமானதாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் அக்கா, தன் மகன் அனுப்பிய கம்பளியை வெளுக்கப் போட தெருமுனைச் சலவைக் கடைக்குப் போனார். கடைக்காரியும் அக்காவும் ஒரே வயது, ஒன்றாக வளர்ந்தவர்கள். நானும் என் சட்டைக்காக நின்றிருந்தேன். கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரல் அடியிலிருந்து குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு.

"அஞ்சு வயசுல கிழிச்சது. அந்தத் தடுப்பப் புடிச்சுக்கிட்டு எம்பிப் பார்த்தேன், முன்னாடி என்ன நடக்குதுன்னு. எந்தப் பாவி செஞ்சானோன்னு எங்கம்மா சாகற வரைக்கும் திட்டினா. உங்கப்பன்தானாடீ அது?"

அக்கா கம்பளியை நீட்டியபடியே நின்றார்.

"எங்கம்மா செத்தப்ப சவப்பெட்டி செஞ்சு குடுத்தாரே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

கம்பளியை வாங்கிக்கொள்ளாமல் அடுத்த சட்டையை விரித்துப் போட்டாள்.

வீட்டில் பெரியவர் மகளிடம் கேட்டது ஒரே கேள்வி: "யாரக் கேட்டுச் சொன்ன?" அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அவர் சாப்பிடுகிற நேரத்தை மாற்றிக்கொண்டார். அக்கா வேலைக்குக் கிளம்பிய பிறகு காலைச் சாப்பாடு, அவர் வருவதற்கு முன்னால் இரவுச் சாப்பாடு. அவித்த முட்டை என்றால் உயிரை விடுகிறவர், மகள் வைத்துவிட்டுப் போன முட்டையைத் தொடாமல் வைத்திருந்தார். மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் அது தட்டில் அப்படியே கிடப்பது தெரியும்.

"மாமா, முட்டை என்ன பாவம் பண்ணுச்சு? அது காட்டிக் குடுக்கலையே" என்று மருமகன் ஆழம் பார்த்தார். பெரியவர் சிரிக்கவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிற மருமகன் ரேடியோவை அணைத்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் மேடம் பிஸ்கட் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். திறப்பு விழாவுக்கு ஐந்து நாள்தான். அட்டை என் மேஜையில் காத்துக்கிடந்தது. குடை மடக்கியதில் வாசலெல்லாம் தண்ணீர். அக்கா டீ போட்டார். பெரியவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, உங்க பேரு வரணும்னு நான் ஆசைப்படறேன். விளிம்புநிலை மக்களோட உழைப்ப நாங்க பதிவு பண்ணவே இல்ல. இது உங்களுக்கு ஒரு மரியாதை" என்றார் மேடம்.

"என்ன மக்கள்?"

"விளிம்பு... ஓரத்துல இருக்கறவங்க."

"எம்மா, நான் தச்சன். ஓரத்த இழைக்கறதுதான் என் பொழப்பு. எனக்குத் தெரியாத விளிம்பா?" என்று இந்தப் பக்கம் திரும்பினார். "நாங்க ஓரத்துல இல்ல. நடுக்கூடத்துல கட்டை போட்டாங்க, அதுக்குப் பின்னாடி நின்னோம். கட்டையப் போட்டவன் நான். இதுல மரியாதை எங்க வந்துச்சு?"

"அப்ப என்னய்யா போடறது?"

"தெரியலைன்னு போட்டிருந்தீங்களே. அதையே போடுங்க. நல்லாத்தான் இருக்கு."

அக்கா டீத் தம்ளரைக் கீழே வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. "தெரிஞ்சதத் தெரியலைன்னு எழுதி மாட்டிட்டு, அதுக்குப் பக்கத்துல எட்டு மணி நேரம் நான் உக்காரணுமாப்பா? வர்றவங்க அட்டையப் படிப்பாங்க, அப்புறம் என் மூஞ்சியப் பார்ப்பாங்க. நான் எங்க பார்க்கறது?"

"ரெண்டு வாரம் முன்னாடி உனக்கும் தெரியாதுல்ல? அப்படியே இருந்திருக்கணும்."

"என்னை வேற அறைக்கு மாத்திடுங்க மேடம். பானை வச்சிருக்கற அறை போதும்" என்றார் அக்கா. பதினோரு வருஷமாக ஒரு நாள் லீவு கேட்காதவர். மேடம் டீயைக் குடிக்காமலே எழுந்தார். பிஸ்கட் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அட்டை மாட்டியாக வேண்டும் என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மழை விட்டது. காலையில் நான் கிளம்பும்போது பெரியவர் சட்டை மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"தம்பி, அதை நான் பார்க்கணும்."

மருமகனின் பஸ்ஸிலேயே போனோம். பஸ் முழுக்கச் சிரிக்க வைக்கிறவர் அன்று ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். எங்களை இறக்கிவிட்டபோது மட்டும், "மெதுவா இறங்குங்க மாமா" என்றார்.

முதல் நாள்தான் தடுப்பைச் சேர்த்து, சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தோம். மேலே விளக்கு. நானும் மேடமும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து நிறுத்தியது. தேன் நிறத்தில் மின்னியது, கை வைத்தால் வழுக்கும். பார்த்ததும் எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்து, அழகாகத்தான் இருக்கிறது என்றுகூட நினைத்தேன். அக்கா மட்டும், "என்னமோ சரியில்ல தம்பி" என்று இரண்டு தடவை சொன்னார். நான் கவனிக்கவில்லை.

பெரியவர் வாசலிலேயே நின்றார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்து தள்ளி நின்றார்.

"யாரு நிறுத்தினது இத?" பெரியவருக்குக் கோபம் வந்தால் குரல் மெலியும். "திருப்பி வச்சிருக்கீங்க. இது அவங்க பக்கம். எங்க பக்கத்தச் செவுத்துக்குக் காட்டிட்டீங்களே!"

மேடம் என்னைப் பார்த்தார், நான் மேடத்தைப் பார்த்தேன். அவரும் இக்கரைதான். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது அந்தப் பக்கம் மட்டும்தான். இன்னொரு பக்கம் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் நாங்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

நான்கு பேர் பிடித்துத் திருப்பினோம். விளக்கு விழுந்ததும் அறையே வேறாகிவிட்டது. ரம்பம் அறுத்த தடம் அப்படியே வரிவரியாக இருந்தது. சட்டத்தின் ஓரமெல்லாம் சிராய் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே மரம், ஒரே கை. ஒரு பக்கம் இழைத்தது, ஒரு பக்கம் இழைக்காதது.

"முன்பக்கம் நல்லா இழை, பின்பக்கம் வேணாம், அது அவங்க பக்கம்தானேன்னு சொன்னாங்க. பட்டறைக்கு நேரா வந்து சொன்னாங்க. நான் அவங்கன்னு யாரச் சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே தலையாட்டினேன்" என்றார் பெரியவர்.

"அப்பா, விடுங்க. செய்யலைன்னா வேலை போயிருக்கும். யாருக்குத் தெரியாது?" என்றார் அக்கா.

"அதுக்கு நான் வெக்கப்படலம்மா. நான் செய்யலைன்னா இன்னொருத்தன் செஞ்சிருப்பான். இங்க வா. கையக் குடு."

மகளின் கையைப் பிடித்து இடமிருந்து வலமாக மேல்சட்டத்தின் ஓரத்தில் மெல்லக் கொண்டுபோனார். சொரசொரவென்று போன கை, வலது கோடியிலிருந்து மூன்றாவது காலுக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே சட்டத்தின் அடிப்பக்கம், நாலு வயதுக் குழந்தை பிடிக்கிற உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வழவழப்பாக இருந்தது.

"உனக்கு நாலு வயசு. முதல் வாரமே கையில சிராய் ஏத்திக்கிட்டு வந்த. உங்கம்மா ஊசியால எடுத்தா, நீ கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. மறுவாரம் கூடத்துல கதவு இறுகிக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க. போனேன். கதவ முடிச்சேன். யாரும் இல்ல. பையில உப்புத்தாள் இருந்துச்சு. நீ நிக்கற இடத்த மட்டும் தேச்சேன்."

"அப்பா..."

"இருடீ. முழுசும் தேச்சா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நெனைச்சேன்னு சொல்லலாம். சொல்லி என்னையே ஏமாத்திட்டு இருந்தேன். சாக்கு அது. நேரம் இருந்துச்சு. உப்புத்தாளும் மீதி இருந்துச்சு. உன் பக்கத்துல பத்துப் பிள்ளைங்க நிப்பாங்க, எல்லாம் நம்ம தெருப் பிள்ளைங்க. அடுத்த வருஷம் சலவைக்கடைப் பிள்ளை கையக் கிழிச்சுக்கிட்டு அழுதா. நான் நாலடி தள்ளி நின்னேன். நம்ம பிள்ளை அழல, அதனால நான் நிம்மதியா சாமி கும்பிட்டேன். அதத்தான் நான் யார்கிட்டயும் சொல்லல."

அக்கா வழவழப்பான அந்த ஒரு சாணிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அப்பாவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"தம்பி, அட்டை மாட்டறது நீதானே? இத எழுது. என் பேரப் போடு. எங்கப்பன் பேரோட போடு" என்றார் பெரியவர்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மேடம் சிவப்புப் பேனாவைத் திறக்கவே இல்லை. எழுதி முடித்து எண்ணினேன், முப்பத்தாறு வார்த்தை:

'இந்தத் தடுப்பைச் செய்தவன் நான். நானும் அக்கரைக்காரன். முன்பக்கம் இழை, பின்பக்கம் வேண்டாம், அது அவர்கள் பக்கம்தானே என்று கூடத்தை நடத்தியவர்கள் சொன்னார்கள். செய்தேன். என் மகளின் கையில் சிராய் ஏறியது. அவள் நிற்கும் இடத்தை மட்டும் தேய்த்து வழவழப்பாக்கினேன். பக்கத்தில் பத்துப் பிள்ளைகள் நின்றார்கள். உப்புத்தாள் மீதி இருந்தது.'

கீழே இரண்டு பெயர்களும் வந்தன. ஒரு இடத்தில்கூட 'பட்ட' இல்லை.

குழு சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒருவர் வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "கூடத்தை நடத்தியவர்கள்னா எங்கப்பாவும்தானே அதுல வர்றார்? 'சொல்லப்பட்டது'ன்னு போட்டுக்கலாமே" என்றார். மேடம், "சொன்னது நான் இல்லீங்க, செஞ்சவர். அவர் வாக்கியத்துல நான் கை வைக்க முடியாது" என்றார். பதினாறு வருஷத்தில் அவர் குழுவுக்கு இல்லை என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். தடுப்பை அறையின் நடுவில், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி நிறுத்தினோம். கண்ணாடி வேண்டாம் என்று மேடமே சொல்லிவிட்டார். அட்டையை இழைக்காத பக்கத்தில் மாட்டினேன்.

திறப்பு விழாவுக்கு இக்கரையும் வந்தது, அக்கரையும் வந்தது. நீள வரிசை. ஆட்கள் படிப்பார்கள், அட்டையை விட்டு மெதுவாக நகர்வார்கள். சிலர் முன்பக்கம் போய் ஒரு தடவை, பின்பக்கம் வந்து ஒரு தடவை பார்த்தார்கள். பெரியவர் மகளின் நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டிலேயே இருங்கள் என்று அக்கா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "என் பேரு அங்க நிக்குது, நான் வீட்டுல உக்காரவா?" என்றாராம். தெருக்காரர்கள் சிலர் அவருக்குத் தலையசைத்தார்கள், சிலர் பார்க்காமல் போனார்கள். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். எல்லோரும் வந்தாகிவிட்டது, அவர் வாசலைப் பார்ப்பது நிற்கவில்லை. யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சலவைக்கடைக்காரி வந்தாள். கடையைப் பூட்டிவிட்டு நேராக வந்திருந்தாள், கையில் சோப்பு வாசனை. வரிசையில் நின்று, முறை வந்ததும் அட்டையை விரலை ஓட்டிப் படித்தாள். ஒரு தடவை படித்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"தொடா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கை சட்டத்தின் மேல் போனது. மூன்றாவது காலுக்குப் பக்கத்தில் நின்றது.

"இது?"

"நான் நின்ன இடம்" என்றார் அக்கா.

"நான் எங்கடீ நின்னேன்?"

"அதுக்கு அடுத்தது."

ஒரு சாண்தான் நகர வேண்டியிருந்தது. அவள் கையை நகர்த்தி, அழுத்திப் பிடித்தாள். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பழைய தழும்புக்கு மேலே புதிதாக ஒரு சிராய் ஏறியிருந்தது.

அவள் பெரியவருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"உப்புத்தாள் மீதி இருந்துச்சா பெரியப்பா?"

"இருந்துச்சும்மா."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கையை அவர் மடியில் வைத்தாள்.

"எடுங்க" என்றாள்.

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். அட்டை குத்துவதற்கு நான் சட்டையில் செருகி வைத்திருக்கிற ஊசியை எடுத்துக் கொடுத்தேன். அவர் சிராயின் நுனியைத் தேடினார். ஊசி இரண்டு தடவை தப்பியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் தலையைக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஊசியை வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள்.